ஔஷதமும் ஸத்ஸங்கமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உறையூரில் உறங்காவில்லி என்றொரு மல்லர் இருந்தார். திருவரங்கத்தில் உத்ஸவ காலத்தில், வெயில் படாமல் தம் மனைவி பொன்னாச்சிக்குக் குடை பிடித்து, அவளுடைய கண்களையே நோக்கியவண்ணம் நடந்தார். கண்டோர் நகைத்தனர், அவர் அதை உணரவேயில்லை. ஸ்ரீ பாஷ்யகாரரோ நகைக்கவில்லை. அவரை அருகழைத்து, அவற்றினும் அழகிய கண்களைக் காட்டுவதாகக் கூறி, பெரிய பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்றார். அன்று அரங்கனின் திருக்கண்களைச் சேவித்தவர், பின்னர் வேறொன்றையும் காணாதவராய்ப் பிள்ளை உறங்காவில்லி தாஸர் ஆனார் என்று குருபரம்பரை கூறுகிறது.

இவ்வரலாற்றில் மூன்று விஷயங்கள் உள்ளன. உடையவர் அவரை வையவில்லை. தாழ்ந்த ருசிக்கு மாற்றாக உயர்ந்த ருசியைக் காட்டினார். அத்துடன் விட்டுவிடாமல், தம் கோஷ்டியிலேயே வைத்துக்கொண்டார். காவிரியில் நீராடி மீளும்போது அந்த மல்லரின் கையையே பற்றிக்கொண்டு வந்தார்.

மது என்னும் பிணியில் அகப்பட்டவருக்கும் இம்மூன்றுமே வேண்டும். விஷயங்களை விலக்கிப் பட்டினி கிடப்பவனை விட்டு விஷயங்கள் நீங்கினாலும் அவற்றின் ருசி நீங்குவதில்லை. பரம்பொருளைக் கண்டபோதே அதுவும் நீங்கும் என்பது கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அருளிய தத்துவம். புட்டியை உடைத்தெறிவது எளிது. ருசியை உடைப்பதே அரிது.

அமெரிக்க தேசத்தில் ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில் 1935-ஆம் ஆண்டு இருவர் சந்தித்தனர். ஒருவர் பங்குத் தரகுத் தொழிலில் இருந்த பில் வில்ஸன். மற்றவர் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவைச் சிகிச்சை மருத்துவர். இருவருமே மதுவினால் சீரழிந்தவர்கள். தன் பலத்தால் இதிலிருந்து மீள முடியாது என்று ஒப்புக்கொள்ளுதல், தன்னினும் மேலான ஒரு சக்தியிடம் தன்னை ஒப்புவித்தல், மீண்டவர் மீளாதவருக்குக் கை கொடுத்தல் என்னும் வழியில் அவர்கள் தொடங்கிய கூட்டமே இன்று உலகெங்கும் பரவியுள்ள 'ஆல்கஹாலிக்ஸ் அநானிமஸ்'. கைம்முதல் இல்லாமையை உணர்வதே சரணாகதிக்கு முதற்படி என்று அறிந்த ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு இது புதியதன்று.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. வில்ஸன் கடைசியாக மதுவை விட்டது 1934 டிஸம்பரில், ஒரு வைத்தியசாலையில். மது மயக்கம் ஒழுக்கக்கேடு மட்டுமன்று, ஒரு நோய் என்று அவருக்கு உணர்த்தியவர் அங்கிருந்த மருத்துவர். ஸ்மித்தும் 1939 முதல் ஆக்ரன் நகரில் ஒரு கிறிஸ்தவக் கன்னிகையின் துணையோடு குடிநோயாளிகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தே சிகிச்சை செய்தார். ஆகவே அந்த ஸத்ஸங்கம் மருத்துவத்தோடு கூடவே வளர்ந்தது.

இதை அறியாமல் ஆஸ்திகர் சிலர் பெரும் ஆபத்தில் விழுகின்றனர். பல்லாண்டுகள் தினமும் குடித்த ஒருவர், உத்ஸவத்தில் துளஸி மாலை அணிந்து, இன்றோடு விட்டேன் என்று ஸங்கல்பம் செய்துகொண்டு ஊர் திரும்புகிறார் என்று கொள்வோம். மறுநாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, உறக்கம் வருவதில்லை. வலிப்பும் வரலாம். இரண்டு மூன்று நாட்களில் இல்லாதவை கண்ணுக்குத் தெரிகின்றன, பிதற்றுகிறார். வீட்டார் இதைப் பேய் என்கின்றனர், அல்லது தெய்வக் குற்றம் என்கின்றனர். இரண்டும் அன்று. மதுவிற்குப் பழகிய நரம்பு மண்டலம் அது திடீரென நின்றதால் கலங்குகிறது. கவனியாது விட்டால் உயிரே போகும். தக்க மருந்தும், தயமின் என்னும் வைட்டமினும் தந்து, மருத்துவர் மேற்பார்வையில் சில நாள் வைத்திருந்தால் பெரும்பாலோர் நலமாக மீள்கின்றனர். வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோஸேட் போன்ற மருந்துகளும் இன்று உள்ளன.

பகவானை நம்பியவன் மருந்துண்பது நம்பிக்கைக் குறைவாகாதோ என்று சிலர் கேட்பர். பசிக்கு அன்னம் உண்பது ப்ரபத்திக்கு விரோதமாகாதது போலவே இதுவும் ஆகாது. அமுத கலசத்தோடு தன்வந்திரியாகத் தோன்றியவன் எம்பெருமானே அன்றோ! பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, அத்திருக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளோடு நடந்த ஆதுலர் சாலையைக் கூறுகிறது. வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், நோயாளரைப் பேணும் பெண்கள், சேமித்து வைத்த மருந்துகள் என யாவும் அதில் சொல்லப்பட்டுள்ளன. நம் பூர்வர்கள் ஸந்நிதியையும் வைத்தியசாலையையும் ஒரே மதிலுக்குள் வைத்தனர். அவற்றைப் பிரிப்பது நம்முடைய அறியாமையே.

மருந்தே போதும், ஸத்ஸங்கம் வீண் என்பாரும் உளர். மருந்து நடுக்கத்தை நிறுத்தும். ஆனால் மாலை ஆறு மணிக்குப் பழைய தோழன் வாசலில் வந்து அழைக்கும்போது தோளில் கை வைத்துத் தடுக்க மனிதன் வேண்டும். 27 ஆய்வுகளையும், அவற்றில் பங்கு கொண்ட 10,565 பேரையும் கொண்டு 2020-ஆம் ஆண்டு காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பு, மதுவை முற்றும் விட்டு நிலைப்பதில் இக்கூட்ட வழி மற்ற மனப்பயிற்சிச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, பல இடங்களில் மேலானது என்று கண்டது. மருந்துக்கு மாற்று என்று அது கூறவில்லை. மருந்தோடு கூட்டமும் பயன் தரும் என்பதற்கு இதில் தடையுமில்லை.

சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனையிலும் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை தரப்படுகிறது. இதுவும் கவனிக்கத்தக்கது, ஒருவர் குடிக்க, வீடு முழுவதும் நோயுறுகிறது.

மீண்டவர் மறுபடி வழுவக்கூடும். அப்போது பெருமாள் கைவிட்டார் என்று மனைவி அழவேண்டியதில்லை. பக்தி பொய் என்று ஊரார் இகழவும் வேண்டியதில்லை. சர்க்கரை நோய் போல இதுவும் திரும்ப வரும் இயல்புடையது. மீண்டும் வைத்தியரிடமும், மீண்டும் கோஷ்டிக்கும் அழைத்துச் செல்வதே கடமை.

ஆகவே, இவ்வுத்ஸவத்தில் மதுவை விட ஸங்கல்பம் செய்யும் அன்பர், ஊர் திரும்பியதும், எவ்வளவு குடித்தோம் என்பதை ஒளிக்காமல் வைத்தியரிடம் உரைக்கக் கடவர். வீட்டார் ஏசாமல் உடன் செல்லக் கடவர். ஊரிலுள்ள பாகவதர்கள் அவரைப் பஜனை கோஷ்டியில் முன்வரிசையில் அமர்த்தக் கடவர். நீராடி மீளும்போது எதிராஜர் பற்றியது, ஒரு காலத்தில் ஊரார் நகைத்த மல்லரின் கையையே அன்றோ!

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.