மணத்தோழரின் மகிழ்ச்சி

இறைப்பணியில் ஈடுபடுவோர் அப்பணியில் மகிழ்ச்சியைத் தேடலாமா? பணி என்பது கடமையெனில், அதில் இன்பம் நாடுவது தன்னலம் ஆகாதா? இந்தக் கேள்வி, பங்கில் வளரிளம் பருவத்தினரோடு உழைப்பவர்களையே மிகுதியாக நெருக்குகின்றது. நோயுற்றோரைத் தேடிச் செல்பவரைக் கண்டால் நாம் பரிவோடு நலம் விசாரிக்கின்றோம். இளையோரோடு உழைப்பவரைக் கண்டாலோ, “உங்களுக்கென்ன, பிள்ளைகளோடு ஆடிப்பாடிப் பொழுதைக் கழிக்கிறீர்கள்” என்கின்றோம். அந்தக் கேலியிலும் ஓர் உண்மை உண்டு. இப்பணி மெய்யாகவே மகிழ்ச்சி தருவது. அந்த மகிழ்ச்சி எத்தகையது, அது எப்போது தூயது, எப்போது தூய்மை இழக்கின்றது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

கண்டெடுக்கும் மகிழ்ச்சி

முதலில் வருவது கண்டெடுக்கும் மகிழ்ச்சி. மறைக்கல்வி வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் தலைகுனிந்து நிற்கும் பையனை எல்லாப் பங்கிலும் காணலாம். திருவருகைக் காலத்தின் இறுதி வாரத்தில் அவனைப் பாருங்கள். வைக்கோலும் களிமண்ணும் சுமந்து, இரவெல்லாம் கண்விழித்துக் குடில் கட்டுபவன் அவனே. விண்மீனுக்குள் விளக்கு எரியவில்லை என்றால் கோபுரத்தின்மேல் ஏறுபவனும் அவனே. நம்பிக்கை அறிக்கையை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாதவனின் கைகளில் நம்பிக்கை இருந்ததை அன்று நாம் காண்கின்றோம்.

1841ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், இத்தாலியின் தூரின் நகரில், புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தின் திருப்பொருள் அறையில் நடந்ததை நம்மில் பலர் அறிவோம். பூசைக்கு உதவி செய்யத் தெரியவில்லை என்பதற்காகக் கோவில் பணியாளர் ஓர் ஏழை இளைஞனை அடித்து விரட்டினார். இளங்குருவாயிருந்த தொன் போஸ்கோ, அவன் தம் நண்பன் என்று கூறித் திரும்ப அழைத்துவரச் செய்தார். பர்த்தலோமேயு கரெல்லி என்னும் அந்தப் பதினாறு வயதினனுக்கு எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது, பாடவும் தெரியாது. ‘சீழ்க்கை அடிக்கத் தெரியுமா?’ என்று இறுதியில் அவர் கேட்டபோது அவன் முகம் மலர்ந்தது. தெரியாதவற்றின் நீண்ட பட்டியலுக்குள் தெரிந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமையிலிருந்துதான் சலேசிய சபையின் பெரும்பணி பிறந்தது. 1906இல் அச்சபையினர் இந்தியாவில் முதன்முதலாகக் கால்பதித்த இடம் நம் தஞ்சாவூர் என்பது நமக்கு உரிமையுள்ள நினைவு.

கேட்கப்படும் மகிழ்ச்சி

இரண்டாவது, கேள்விக்கு ஆளாகும் மகிழ்ச்சி. இது மகிழ்ச்சியா என்று சிலர் ஐயுறலாம். ஐந்தாம் வகுப்பில் விடைகளை ஒப்புவித்த குழந்தை, ஒன்பதாம் வகுப்பில் ‘ஏன்?’ என்று கேட்கத் தொடங்குகின்றது. பெற்றோர் கலங்குகின்றனர். கலங்கத் தேவையில்லை. தந்தையிடமிருந்து பெற்ற நம்பிக்கையைத் தனதாக்கிக் கொள்ள ஒரு பிள்ளை எடுக்கும் முதல் முயற்சி அது. பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் இயேசு செய்ததும் அதுவே: போதகர் நடுவே அமர்ந்து செவிமடுத்தார், வினாக்களும் எழுப்பினார். அங்கிருந்தோர் அவரை அதட்டவில்லை, வியந்தனர்.

வளரிளம் பருவத்தினருக்குப் பொய் முகம் பிடிக்காது. உரை நீண்டால், துரோவா நகரில் பவுலின் பேச்சைக் கேட்டுக்கொண்டே சன்னலில் உறங்கிவிட்ட யூத்திகுவைப் போல அவர்களும் உறங்குவார்கள். விழித்திருக்கும்போதோ, நாம் பல்லாண்டுகளாகக் கேட்க அஞ்சியவற்றைக் கேட்டுவிடுவார்கள். ‘ஒரே அப்பத்தில் பங்குபெறும் நமக்குள் சாதி ஏன்? கல்லறையிலும் நம்மவர் பிரித்துப் புதைக்கப்பட்டது ஏன்?’ என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் கேட்கும்போது, ‘அதெல்லாம் உனக்கு எதற்கு?’ என்று வாயடைப்பது எளிது. ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகின்றது?

ஏலியை நினைவுகூர்வோம். இரவில் தன்னை அழைக்கும் குரல் யாருடையதெனச் சிறுவன் சாமுவேலுக்குத் தெரியவில்லை. மும்முறையும் ஏலியிடமே ஓடி வந்தான். முதியவர் அவனைத் தம்மோடு நிறுத்திக் கொள்ளவில்லை. ஆண்டவருக்கு மறுமொழி கூறும் வழியைக் கற்றுக்கொடுத்தார். மறுநாள் காலை, தம் குடும்பத்தின்மீது வரவிருந்த தண்டனையை அச்சிறுவன் சொல்ல அஞ்சியபோது, எதையும் மறைக்காதே என்று வற்புறுத்திக் கேட்டார். கசப்பான அந்தச் செய்தியை ஆண்டவரின் திருவுளமாக ஏற்றார். தம் புதல்வரைக் கண்டித்துத் திருத்தத் தவறிய ஏலி, தாம் வளர்த்த சிறுவனின் வாயிலிருந்து இறைவார்த்தையைக் கேட்கும் அளவுக்கு இறுதியில் பணிந்தார். நாம் கற்றுக்கொடுத்தவனிடமிருந்து நமக்கே ஒரு வார்த்தை வருமெனில், நம் கற்பித்தல் வீண்போகவில்லை என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை.

அனுப்பிவைக்கும் மகிழ்ச்சி

இனித்தான் கடினமான பகுதி. இளையோரின் அன்பு இனியது, ஆகவே ஆபத்தானது. ‘நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் கோவிலுக்கே வரமாட்டோம்’ என்று அவர்கள் சொல்லும்போது, வழிகாட்டியின் உள்ளம் குளிர்கின்றது. அன்று அவர் அஞ்ச வேண்டும். தம்மைச் சுற்றியே அவர்கள் சுழல வேண்டும் என விரும்புகிறவர், கிறிஸ்துவின் இடத்தில் தம்மை அமர்த்திக் கொள்கின்றார். இளையோரின் நம்பிக்கையைத் தம் தனிமைக்கு மருந்தாகவும் அதிகாரத்திற்குப் படியாகவும் பயன்படுத்துவது எத்துணைக் கொடிய தீங்காக முடியும் என்பதைத் திருச்சபை அண்மை ஆண்டுகளில் கண்ணீரோடு கற்றிருக்கின்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்ட ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில், வழிநடத்துவோர் இளையோரைச் செயலற்றுப் பின்தொடர்வோராக நடத்தாமல் அவர்களோடு உடன்நடக்க வேண்டுமென்று அறிவுறுத்தியதன் பொருளும் இதுவே.

தூய மகிழ்ச்சியின் முன்மாதிரி திருமுழுக்கு யோவான். ‘எல்லாரும் அவரிடம் செல்கின்றனரே’ என்று சீடர்கள் குறைபட்டபோது, தம்மை மணமகனின் தோழர் என்று கூறி, மணமகனின் குரலைக் கேட்பதிலேயே தம் மகிழ்ச்சி நிறைவுற்றது என்றார். அதற்கு முன்பே தம் சீடர் இருவருக்கு இயேசுவைச் சுட்டிக்காட்டி, அவர்கள் தம்மை விட்டுப் போவதைப் பார்த்து நின்றவர் அவர். அவ்விருவருள் ஒருவர் அந்திரேயா. பின்னர் தம் உடன்பிறந்தவரான பேதுருவை இயேசுவிடம் அழைத்து வந்தவர் அந்த அந்திரேயாவே. ஐயாயிரம் பேர் பசித்திருந்த வேளையில், ஐந்து வாற்கோதுமை அப்பங்களோடு நின்ற சிறுவனைக் கண்டு சொன்னவரும் அவரே. யோவான் அன்று அவரைத் தம்மிடமே பிடித்து வைத்திருந்தால்?

தம் மக்கள் தம்மினும் அறிவுடையவராதல் உலகிற்கே இனிது என்னும் கருத்தை வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் உரைத்தார். பெற்றோருக்குச் சொன்ன இவ்வறம் வழிகாட்டிகளுக்கும் பொருந்தும். நாம் வளர்த்த பிள்ளைகள் மேற்படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் செல்வார்கள். சிலர் நம்மை மறந்தும் போவார்கள். எங்கோ ஓர் ஊரில், நம் பெயரை அறியாத ஒரு பங்கில், அவர்களுள் ஒருத்தி ஒரு நோயாளியின் அருகே அமர்ந்திருப்பாள். ஒருவன் அநீதியைக் கண்டு வாய் திறப்பான். அது நம் காதுக்கு எட்டாமலும் போகலாம். ஆயினும் அது நம் மகிழ்ச்சியே.

ஆகவே, பணியில் மகிழ்ச்சி தேடலாமா என்ற வினாவிற்கு விடை இது: கூலியாகத் தேடினால் அது நம்மைக் கெடுக்கும், பிறருடைய வளர்ச்சியில் அது தானாக வந்தால், அன்பு உண்மையானது என்பதற்கு அடையாளமாகும். பெற்றோரே, பொதுத்தேர்வைக் காரணம் காட்டிப் பிள்ளைகளை ஆலயத்திலிருந்து விலக்காதீர்கள். பங்குப் பேரவையினரே, நாற்காலி அடுக்கவும் தோரணம் கட்டவும் மட்டும் அவர்களை அழைக்காதீர்கள். முடிவெடுக்கும் இடத்திலும் அவர்களுக்கு ஓர் இருக்கை தாருங்கள். அவர்களது குரலுக்கு நாம் சற்றே ஒதுங்கி இடம் விடுவோமாயின், அதனூடே மணமகனின் குரல் நமக்கும் கேட்கும்.