சல்லடையும் மனச்சாட்சியும்

வேலைக்கு ஆள் எடுப்பது ஒரு தர்மகாரியம் என்று சொன்னால் சிலர் சிரிக்கக் கூடும். அது கம்பெனியின் காரியம், லாப நஷ்டக் கணக்கில் அடங்கிவிடும் காரியம் என்பார்கள். ஆனால் ஒரு வீட்டில் அடுப்பு எரிவதும், ஒரு தங்கையின் கல்யாணம் நடப்பதும், ஓர் இளைஞன் தன்னைப் பற்றித் தானே என்ன நினைத்துக் கொள்கிறான் என்பதும் அந்தக் காரியத்தைப் பொறுத்திருக்கும்போது, அதைத் தர்மத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட முடியுமா? முடியாது என்றுதான் வள்ளுவர் கருதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளைத் தெரிந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தவனிடம் வினையை ஒப்படைப்பதற்கு மற்றோர் அதிகாரமுமாக, 51-ஐயும் 52-ஐயும் அடுத்தடுத்து வைத்திருப்பாரா?

அந்தத் தெரிந்து தெளியும் வேலையைத்தான் இப்போது நாம் யந்திரத்திடம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். செயற்கை நுண்ணறிவு என்று அதற்குப் பெயர். ‘இன்ன வேலைக்கு இப்படிப்பட்ட ஆள் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தால், வந்து குவிந்த மனுக்களை அது படிக்கிறது, தரவரிசை போடுகிறது, மனுவே போடாதவர்களைக்கூட எங்கெங்கோ தேடிப் பிடித்து, அவர்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தையும் தயார் செய்து தருகிறது. வேண்டாதவர்களுக்கு ‘வருந்துகிறோம்’ என்று அதுவே பதிலும் அனுப்பிவிடும். வருந்துவதற்கு அங்கே யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

என்னுடன் இன்டர்மீடியட் படித்த நண்பர் ஒருவர் சொந்தமாகத் தொழில் நடத்துகிறார். இதைப் பற்றி அவரிடம் குறைப்பட்டுக் கொண்டேன். அவர் விட்டுக் கொடுக்கவில்லை.

“உனக்கென்ன அப்பா, நீ கதை எழுதுகிறவன்! ஒரு குமாஸ்தா வேலைக்கு ஆயிரம் மனு வருகிறது. என் ஆட்கள் முதல் ஐம்பதைப் படிப்பார்கள். மிச்சம் அப்படியே கிடக்கும். யந்திரம் ஆயிரத்தையும் படிக்கிறது. அதற்குத் தலைவலி இல்லை, சாதி இல்லை, மைத்துனன் இல்லை. எது நியாயம், சொல்!”

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சிபாரிசுக் கடிதத்தின் மகிமையை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டா? ‘நம்ம ஆள்’ என்ற இரண்டு சொற்கள் எத்தனை தகுதியுள்ளவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கின்றன! நம் நாட்டில் மட்டும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறக்குறைய 5,000 பொய் மனுக்களைப் பரீட்சைக்காக அனுப்பிப் பார்த்தார்கள் இரு பொருளாதார அறிஞர்கள். அதன் முடிவு 2004-ல் வெளியாயிற்று. ஒரே மாதிரித் தகுதிதான். பெயர் மட்டும் வெள்ளையர் பெயராக இருந்தால், கறுப்பர் பெயரைவிட 50 சதவிகிதம் அதிகமாக அழைப்பு வந்தது. மனிதனுடைய கண் அவ்வளவு பரிசுத்தமானதல்ல.

ஆனால் நண்பர் ஒன்றை மறந்துவிட்டார். அந்த யந்திரம் யாரிடம் பாடம் கேட்டது? நம்மிடம்தானே!

அமேசான் கம்பெனி 2014 முதல் இப்படி ஒரு யந்திரத்தைப் பழக்கிப் பார்த்தது. பத்து வருஷ காலமாக வந்த மனுக்களை அதற்குப் பாடமாகக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் போட்டவை. யந்திரம் கெட்டிக்கார மாணவன் அல்லவா? ஆண்தான் உகந்தவன் என்று அது கற்றுக் கொண்டது. ‘பெண்கள் சதுரங்கக் கழகத் தலைவி’ என்பது போல் ‘பெண்கள்’ என்ற சொல் வந்தால் மதிப்பெண்ணைக் குறைத்தது. இரண்டு பெண்கள் கல்லூரிகளில் படித்தவர்களையும் கீழே தள்ளியது. அந்தச் சொல்லைப் பொருட்படுத்தாதபடி திருத்திப் பார்த்தார்கள். வேறு வழியில் அது பேதம் செய்யாது என்ற நிச்சயம் பிறக்கவில்லை. முயற்சியையே கைவிட்டார்கள். 2018-ல் இச்செய்தி வெளியானபோது, ஆள் எடுப்பதற்கு அதைத் தாங்கள் உபயோகித்ததே இல்லை என்று கம்பெனி சொன்னது. இருக்கட்டும். ஒருவரும் அதற்குத் தீய எண்ணத்தை ஊட்டவில்லை என்பதுதான் இதில் நான் காணும் பாடம். நம்முடைய பழக்கத்தை மட்டுமே ஊட்டினோம். மனிதன் பேதம் பார்த்தால் என்றாவது ஒருநாள் தூக்கம் வராமல் புரளக் கூடும். பேதத்தைக் கணக்காக மாற்றிக் கொடுத்துவிட்டால் அந்தப் புரளலும் மிச்சம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். வணிகவியல் பட்டதாரி. ஆறு வருஷம் கணக்குப் பிரிவில் நல்ல பெயர் எடுத்தவள். தாய்க்குப் பாரிசவாயு கண்டு படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டு நான்கு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்துக் கொண்டாள். தாய் போன பிறகு மறுபடி வேலை தேடினாள். ஒருநாள் நள்ளிரவில் ஒரு கம்பெனிக்கு மனு அனுப்பினாள். சில நிமிஷங்களிலேயே ‘வருந்துகிறோம்’ வந்து விட்டது. அந்நேரத்தில் எந்த மனிதன் விழித்திருந்து படித்திருக்கப் போகிறான்?

“வேண்டாம் என்று சொன்னதற்கு எனக்கு வருத்தமில்லை, மாமா. யார் சொன்னார்கள் என்றுதான் தெரியவில்லை” என்றாள் அவள்.

அவளை எது தள்ளியது என்று நான் நிச்சயமாகச் சொல்ல முடியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் அந்த நான்கு வருஷ இடைவெளிமீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 2021-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்ஸென்சர் நிறுவனமும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் முதலாளிகளை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டன. வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஏறக்குறைய பாதிக் கம்பெனிகளின் சல்லடை அந்த மனுவைக் கழித்துவிடுகிறதாம். தகுதியுள்ளவர்களே இப்படித் தங்கள் சல்லடையில் கழிந்து போகிறார்கள் என்று 88 சதவிகித முதலாளிகள் ஒப்புக் கொண்டிருக்கிறார்கள்.

கதை எழுதுகிறவன் என்று நண்பர் என்னைக் கேலி செய்தாரே, அந்தத் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்தது இதுதான்: ஒரு மனிதனின் குணம் அவன் எழுதிக் கொடுக்கும் ஜாபிதாவில் இருப்பதைவிட, அதில் விட்டுப்போன இடங்களில்தான் அதிகம் இருக்கிறது. அந்த நான்கு வருஷம் அவளுடைய பொறுமை, நாணயம், கடமை உணர்ச்சி எல்லாவற்றுக்கும் சாட்சி. எந்த முதலாளி தேடுவதும் அந்தக் குணங்களைத்தானே? சல்லடைக்கு அது வெறும் ஓட்டை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே நெல், ஒரே உலை. அதனால் அது சரி. மனிதர்கள் ஒரே உலையில் வெந்தவர்கள் அல்லவே!

உத்தரமேரூர்க் கோயில் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுக்கள் அங்கே இருக்கின்றன. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகள் அவை. 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் வேண்டும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் கூடாது. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள். அந்த விதிகளை நான் போற்றிப் பாட வரவில்லை. நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவர்களை அவை வெளியே நிறுத்தின. ஆனால் ஏன் நிறுத்தின என்பது கல்லில் எழுதியிருந்தது. அநியாயம் என்று சுட்டிக்காட்ட ஒரு சுவராவது இருந்தது. இன்று நிராகரிக்கப்பட்டவன் எந்தச் சுவரைப் பார்ப்பான்?

உலகம் இதை உணராமல் இல்லை. நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல், இத்தகைய யந்திரங்கள் பேதம் பார்க்கின்றனவா என்று வெளியார் ஒருவர் தணிக்கை செய்திருக்க வேண்டும், மனுப் போட்டவருக்கும் அறிவிக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இயற்றிய சட்டம், ஆள் எடுக்கும் யந்திரங்களை அதிக அபாயமுள்ள வகையில் சேர்த்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் சட்டம் தணிக்கை செய்ய முடியும், வெட்கப்பட முடியாது. அது மனிதன் செய்ய வேண்டிய காரியம்.

யந்திரமே வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. தேடுவது வேறு, தள்ளுவது வேறு. சிபாரிசு இல்லாத கிராமத்துப் பையன் ஒருவனை எங்கிருந்தோ தேடிக் கண்டுபிடித்து, ‘இவனையும் பார்’ என்று யந்திரம் முன்னே நிறுத்துமானால் அதற்கு நான் கைகூப்புவேன். அங்கே அது தவறு செய்தாலும் ஒரு மனிதன் பார்த்துத் திருத்திவிடலாம். ‘இவனைப் பார்க்காதே’ என்று அது மறைத்து விட்டால், அந்தத் தவறு யாருடைய கண்ணிலும் படாமலே போய்விடுகிறது. ஆகவே, ஜாபிதாவை நீட்டுவதற்கு யந்திரத்தை வைத்துக் கொள்ளட்டும். குறைக்கும் இடத்தில் ஒரு மனிதன் உட்காரட்டும்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். “செலவு அதிகம்” என்றார். அதிகம்தான். ஆனால் பழைய காலத்து மறுப்புக் கடிதங்களில் எவ்வளவு கொடுமை இருந்தாலும் கீழே ஒரு கையெழுத்து இருந்தது. அதைப் போட்டவரை எதிரில் பார்த்தால் கேள்வி கேட்கலாம். ஒருவனை ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரத்தை விரும்புகிறவர், அந்தக் கையெழுத்தைப் போடும் சிரமத்தையும் ஏற்றுக் கொள்ளத்தான் வேண்டும்.