உன் வேலையா, ஏதோ ஒரு வேலையா?

அமெரிக்காவில் கம்பெனி வேலையில் சேர்பவர்களுக்குக் காட்டப்படும் சலுகைப் பட்டியலில் பெரும்பாலும் ‘லாங் டேர்ம் டிஸபிலிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். நீண்டகால இயலாமைக் காப்பீடு. பல்லுக்கும் கண்ணுக்கும் எந்தத் திட்டம் நல்லதென்று நாலு பேரைக் கேட்பவர்கள்கூட இதை ஒரு டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். முப்பது வயதில் நம்ம உடம்பு ஒருநாள் ஒத்துழைக்காதுன்னு யாருக்குத் தோணும்?

ஆனால் அந்த ஒப்பந்தத்துக்குள், வக்கீல் மொழியில், ஒரு தத்துவக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

முதலில் அது செயல்படும் விதம். நோயோ விபத்தோ வந்து வேலை செய்ய முடியாமல் போனால் உடனே பணம் வராது. வழக்கமாக 90 அல்லது 180 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை சேமிப்போ குறுகியகாலக் காப்பீடோதான் கைகொடுக்கும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் சுமார் 60%, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அரசின் சமூகப் பாதுகாப்பு உதவி கிடைத்தால் அதையும் கழித்துக்கொள்வார்கள். ஏன் முழுச் சம்பளம் கிடையாது? வேலைக்குத் திரும்புவதைவிட வீட்டில் இருப்பது லாபமாகிவிடக் கூடாது, அதனால்தான். நம்மீதான சந்தேகத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி இருப்பது அடுத்த ஷரத்தில். பல ஒப்பந்தங்களில் முதல் 24 மாதங்களுக்கு ‘இயலாமை’ என்றால் உங்கள் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாத நிலை. அதன்பின் அர்த்தம் மாறிவிடும்: உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பொருந்துகிற எந்த வேலையையுமே செய்ய முடியாத நிலை. கை நடுக்கத்தால் அறுவை சிகிச்சையை விட்டுவிட்ட ஒரு டாக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் அவர் இயலாதவர். மறுநாள், “மருத்துவக் கோப்புகளைச் சரிபார்க்கலாமே” என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லலாம். கை அதேபோல்தான் நடுங்குகிறது. கேள்விதான் மாறிவிட்டது.

தொழிலை இழப்பதும் பிழைப்பை இழப்பதும் ஒன்றா? நம் நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975-ல் தீர்ப்பளித்தது. சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. இது பகுதி இழப்புதான் என்றது முதலாளி தரப்பு. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, எனவே இழப்பு 100% என்பதை நீதிமன்றம் உறுதிசெய்தது. உடம்பில் எவ்வளவு போயிற்று என்பதைவிட, அந்த மனிதருக்கு எது போயிற்று என்று பார்த்தார்கள்.

எதிர்வாதமும் லேசானதல்ல. வேறு வேலை செய்ய முடிந்த ஒருவருக்கு முப்பது வருடம் பணம் கொடுத்தால் அந்தச் சுமை மற்றவர்களின் பிரீமியத்தில்தான் ஏறும். தவிர, ‘என் தொழில்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடிவதே ஒரு வசதிதான். கிடைத்த வேலையைச் செய்து வாழ்பவரிடம் அந்த இரண்டு வருடச் சலுகையைக்கூட யாரும் நீட்டுவதில்லை.

தத்துவவாதி ரொனால்ட் டுவொர்க்கின் 1981-ல் ஒரு வழி சொன்னார். இயலாமை வருவதற்கான வாய்ப்பு எல்லோருக்கும் சமம், யாருக்கு வரும் என்று தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எவ்வளவு காப்பீடு வாங்குவோம்? அந்த அளவே சமூகம் தர வேண்டிய நியாயமான அளவு.

இந்தச் சோதனையில், என்றாவது இரண்டாவது கேள்வியும் கேட்கப்படலாம் என்பதை நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த நாளை காலண்டர் முடிவுசெய்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பணம் கொடுக்க வேண்டியவரே நீதிபதியாக இருப்பதையும்தான். இரண்டையும் ஒரே நிறுவனம் செய்தால் அங்கே நலமுரண் இருக்கிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2008-ல் சொல்லியிருக்கிறது.

“வேறு வேலைக்குப் போ” என்று ஒருவரிடம் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அப்படிச் சொல்பவருக்கு ஒரு கடமை உண்டு: அந்த வேலை நிஜமாகவே எங்கோ இருக்க வேண்டும், அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு அவகாசமும் உதவியும் கிடைக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் இருக்கிற வேலையைக் காட்டி ஒருவரின் மாதப் பணத்தை நிறுத்துவதற்கு நியாயம் என்று பெயர் வைக்க முடியாது.