ஆளை நிறுத்தும் கணக்கு

வேலைக்கு வந்தவரைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம், தெரிந்ததைக் கொண்டு அவரை எந்த அளவுக்குப் பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்ற அறக்கேள்வி, மனிதவளத் துறை என்ற பெயர் பிறப்பதற்கு வெகு முன்பே இருந்தது. சேர்வராயன் மலைக்கு அது காப்பியோடு ஏறி வந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அம்மலையிலுள்ள ஏற்காட்டில் காப்பி பயிரிடத் தொடங்கினார். மலையில் வாழ்ந்த மலையாளி என்ற பழங்குடி மக்களுக்குச் சொந்த உழவும் காடும் இருந்தன. தோட்டக்காரருக்கோ கூப்பிட்ட நேரத்தில் கூலிக்கு ஆள் வேண்டியிருந்தது.

தென்னிந்தியத் தோட்டங்கள் இதற்குக் கண்ட வழி முன்பணம். மேஸ்திரி ஊருக்குள் போய்ப் பணம் கொடுத்து ஆள் திரட்டுவார். கடன் தீரும்வரை ஆள் நகர முடியாது. 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டமும் இதற்குத் துணை நின்றது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டவர் சிறைக்கே போக நேரலாம். அந்தச் சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது. சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை ‘துண்டு’ கட்டிப்போட்டது. இவருடைய கடன் இவ்வளவு, அதை அடைப்பவர் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் சீட்டு அது. 1921இல் இலங்கையில் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆளை நிறுத்துவதில் இந்த ஏற்பாடுகள் தோற்றுவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. செக்ரோல் என்ற வருகை ஏட்டில் பெயர் இருந்தது, ஆளும் தோட்டத்தில் இருந்தார். விரும்பி இருக்கிறாரா, வேறு வழியில்லாமல் இருக்கிறாரா என்பதை மட்டும் அந்த ஏடு சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே குறிதான் விழுந்தது. எத்தனை பேர் நிலைத்தார்கள் என்று விழுக்காட்டில் கணக்கிடும் இன்றைய நிறுவனங்களின் தரவிலும் இந்தக் குருட்டுத்தன்மை அப்படியே இருக்கிறது.

திருக்குறள் இந்தச் சிக்கலை மூன்று அதிகாரங்களில் அடுத்தடுத்து எடுத்துக்கொள்கிறது: தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல், சுற்றந்தழால். ஆராய்ந்து தேர்ந்தெடு, தகுந்த வேலையைக் கொடு, பின் உடன் இருப்பவரை அணைத்துக்கொள் என்ற வரிசை இது. இதற்குள் ஒரு முரண் இருப்பதாகவும் தோன்றும். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் என்கிறது 510ஆம் குறள். வேலை செய்பவரை நாள்தோறும் ஆராய வேண்டும் என்கிறது 520ஆம் குறள். சந்தேகிக்கக் கூடாது, ஆனால் தினமும் பார்க்க வேண்டும் என்றால் எப்படி? முதலாவது ஆளின் மீதுள்ள நம்பிக்கையைப் பற்றியது, இரண்டாவது வேலையின் போக்கைப் பற்றியது என்று கொண்டால் இரண்டும் பொருந்தும். வேலை எங்கே கோணுகிறது என்று பார்ப்பவர், அது கோணும் காரணத்தையும் பார்க்கக் கடமைப்பட்டவர். அந்தக் காரணம் சில நேரம் பார்ப்பவரிடமே இருக்கும்.

பழம் பறிக்கும் பருவத்தில் இதைக் கண்ணால் காணலாம். அரபிகா காப்பிப் பழமெல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் சிவந்த பழமும் பச்சைக்காயும் கலந்திருக்கும். சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுத்து, அதே செடிக்கு மறுபடி மறுபடி வரவேண்டும். மாலையில் சாக்கு தராசில் ஏறுகிறது. தராசு எடையைச் சொல்லும். சரிவு எவ்வளவு செங்குத்து, செடி எவ்வளவு கிழடு, நேற்றே ஒருவர் பறித்துவிட்டுப் போன வரிசையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்தக் கிலோவை மட்டும் வைத்து நல்ல ஆள், மட்டமான ஆள் என்று தரம் பிரித்தால், அடுத்த வாரமே பச்சைக்காயையும் சேர்த்து உருவும் கைதான் முன்னே நிற்கும். பழுக்கும்வரை விட்டுவைத்த கை பின்தங்கும். பிறகு அந்தக் கைக்குரியவர் வேலையை விட்டுப் போனால், குறைந்த எடைக்காரர் ஒருவர் போனார் என்றுதான் கணக்கு பதியும். ஆளைத் தவறாக அறிவது அவருக்குச் செய்யும் அநீதி. தோட்டத்துக்கும் அது நட்டம்.

மனிதரை வெறும் கருவியாக நடத்தலாகாது என்று 1785இல் காண்ட் எழுதினார். கூலி வேலையில் ஒருவர் மற்றவருக்குக் கருவியாவதைத் தவிர்க்க முடியாது. கருவி மட்டுமே ஆகிவிடுகிறாரா என்பதுதான் கேள்வி. கணக்கை வைத்து இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அந்த ஏடு அதை எழுதுபவரையும் கட்டுப்படுத்துகிறதா என்று பார்க்கலாம். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் தோட்டங்களையும் உள்ளடக்கியது. ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ந்த ஓராண்டுப் பணி. அப்படி ஐந்தாண்டு ஆனால், ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் பணிக்கொடை. அதே செக்ரோல், அதே வருகைக் குறிதான். ஆனால் இங்கே ஒவ்வொரு குறியும் முதலாளி கொடுக்கவேண்டிய கடனாகிறது.

வீட்டு விஷயம் இவ்வளவு தெளிவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளருக்கு வீடும் மருத்துவ வசதியும் தருவதை முதலாளியின் பொறுப்பாக்கியது. பெரும் நன்மை அது. ஆயினும் வேலை போனால் கூரையும் போகும் என்ற நிலையில், லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடு முன்பணம் செய்த வேலையைச் சத்தமில்லாமல் செய்யக்கூடும். எனவே ஓர் உதவி ஆளை நிலைநிறுத்துகிறது என்பது மட்டும் அதை நல்லது என்று சொல்லப் போதாது. அதைத் துறந்து போக அவரால் முடியுமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வருங்கால வைப்புநிதிக்கு 2014 முதல் வழங்கப்படும் பொதுக் கணக்கு எண் இந்தச் சோதனையில் தேறுகிறது. ஏற்காட்டுத் தோட்டத்தை விட்டுத் திருப்பூர் ஆலைக்குப் போனாலும் எண் அவருடையதே. சேர்ந்த பணமும் அவருக்கே உரியது. அதற்குப் பின்னும் ஒருவர் தோட்டத்திலேயே இருந்தால், அவர் இருக்கிறார் என்ற குறியை நம்பலாம்.