தலைமையாசிரியருக்குப் பொருளறிவு தகுமா?

பள்ளித் தலைமையை நாடுவோருக்குக் கல்வியியலையும் வணிக மேலாண்மையையும் இணைத்துக் கற்பித்து இரண்டு முதுநிலைப் பட்டங்களை ஒருசேர வழங்கும் கூட்டுப்பட்ட முறை, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு போன்ற பல்கலைக்கழகங்களில் நடைமுறையில் உள்ளது. நெல்லைச் சீமையில் அத்தகைய இணைப்புக்கு நிருவாகத் தடை ஒன்று உண்டு. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008இல் தோன்றியபின் கல்வியியல் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. பொறியியல் கல்லூரிகளின் எம்.பி.ஏ. வகுப்புகளோ அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ளன. இதனினும் பெரிய தடை மனத்தில் இருக்கிறது. கற்பிப்பவர் பொருளை எண்ணத் தொடங்கினால் அவரது குருத்தன்மை குன்றிவிடும் என்னும் நம்பிக்கை அது.

இந்நம்பிக்கைக்கு மரபில் சான்று தேடி நன்னூலை எடுப்பவர் வேறொன்றைக் காண்பார். அந்நூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினை உவமையாகக் கூறுகிறது. நிறைகோல் என்பது பண்டம் நிறுக்கும் துலாக்கோல். ஐயத்துக்குரிய அளவை உள்ளபடி காட்டுவதும் இரு பக்கமும் சாயாது நடுநிற்பதும் அதன் இயல்புகள். கடைவீதியின் கருவியை ஆசிரியருக்கு ஒப்பிட அந்நூல் சற்றும் கூசவில்லை. நன்னூலுக்கு விருத்தியுரை வகுத்த சங்கரநமச்சிவாயர் திருநெல்வேலியைச் சேர்ந்தவர் என்பதும், அவ்வுரையைத் திருத்திச் செப்பம் செய்த 18ஆம் நூற்றாண்டுச் சிவஞான முனிவர் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் என்பதும் நினைக்கத்தக்கவை. ஆசிரியர் யார் என்னும் ஆராய்ச்சி தாமிரபரணிக் கரைக்குப் புதியதன்று.

இம்மண் தந்த இன்னொரு சான்று, குற்றாலத்தை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்தவரும் 19ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவராக விளங்கியவருமான சுப்பிரமணிய தேசிகர். நிலங்களும் கோயில் கட்டளைகளும் மிகுந்த அவ்வாதீனத்தில் நிலபுலன்களையும் வரவுசெலவையும் கவனிக்கக் 'காறுபாறு' என்னும் பொறுப்பில் ஒரு தம்பிரான் இருப்பார். ஆயினும் மடத்தின் தலைமை குருவினிடமே இருந்தது, அந்தக் குருவும் பாடம் சொல்பவராக இருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தபின் உ.வே.சாமிநாதையர் பாடம் கேட்டது இத்தேசிகரிடமே. பெருஞ்செல்வத்தின் நடுவில் இருந்தும் அவர் ஆசிரியராகவே இருக்க முடிந்ததற்குக் காரணம், கணக்கைப் பார்த்தவர்கள் பாடம் சொன்னவருக்குக் கட்டுப்பட்டிருந்த அந்த வரிசைமுறையே எனக் கொள்வது பொருந்தும்.

சைவ சித்தாந்தம் இவ்வரிசைமுறைக்குத் தத்துவ அடிப்படை தருகிறது. உடல், மனம் முதலிய உட்கருவிகள், உலகம், நுகர்பொருள் ஆகியவற்றைத் 'தனு கரண புவன போகம்' என்று அந்நெறி வழங்குகிறது. இவை மாயையிலிருந்து தோன்றுவன. மாயையும் உயிரைப் பிணிக்கும் மலங்களுள் ஒன்றே. எனினும், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தின் வலியைக் குறைப்பதற்கென்றே இறைவன் இவற்றை உயிருக்குக் கூட்டுகிறான் என்பது சித்தாந்தத்தின் துணிபு. கருவியை இழிந்ததென்று தள்ளுவதும், கருவியையே பயனென்று மயங்குவதும் ஆகிய இரண்டும் இந்நெறிக்கு உடன்பாடல்ல.

இன்று அரசு உதவிபெறும் பள்ளிகளில் பொறுப்பு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நிருவாகத்தின் சார்பில் கட்டடம், நிதி, நியமனம் ஆகியவற்றைக் கவனிப்பவர் தாளாளர். வகுப்பையும் தேர்வையும் கவனிப்பவர் தலைமையாசிரியர். இப்பிரிவால் விளையும் இடர் ஒரு சிறு தொடக்கப்பள்ளியில் தெளிவாகப் புலப்படும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள். ஆகஸ்டு 1ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைக் கொண்டே தமிழ்நாட்டில் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. பதிவேடு 60இல் நின்றுவிட்டால் ஐந்து வகுப்புகளையும் இருவரே பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்குக் கரும்பலகையில் கழித்தல் கணக்கை எழுதிக்கொண்டே ஒன்றாம் வகுப்பின் சிலேட்டுகளைத் திருத்தும் நிலை வரும். ஜூலைக்குள் இன்னும் ஒரு குழந்தையைச் சேர்த்தால் மூன்றாம் பணியிடத்துக்கு வழி பிறக்கும் என்று அறிந்திருப்பது பொருளறிவு. அதனால் எழுத்தறியும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும் என்று அறிந்திருப்பது கல்வியறிவு. இவ்விரண்டும் இருவேறு ஆட்களிடம் இருக்கும்போது அந்த ஜூலை வீணே கழிந்துவிடக்கூடும். இந்த அளவில் கூட்டுப்பட்டத்தை வரவேற்கத் தயங்க வேண்டியதில்லை.

தயக்கம் வேண்டிய இடம் வேறு. டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கில் 2002இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, தனியார் கல்வி நிறுவனம் தன் வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரியை ஈட்டலாம், லாபவேட்டை கூடாது என்று வகுத்தது. உபரி எந்த இடத்தில் வேட்டையாக மாறுகிறது என்பதைக் கணக்குப்பதிவியலால் சொல்ல இயலாது. பள்ளி யாருக்காக இருக்கிறது என்று முன்பே முடிவு செய்தவரால்தான் சொல்ல இயலும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் பாளையங்கோட்டையில் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அத்தகைய பள்ளியில் வகுப்புக்குச் சில குழந்தைகளே இருக்க முடியும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக்கவனமும் தனிப்பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டும். ஆகவே தலைக்கு ஆகும் செலவு பிற பள்ளிகளைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். மேலாண்மை கற்றவர் இச்செலவைக் கண்டு வகுப்புகளைச் சேர்த்துவிடலாம் என்று எண்ணக்கூடும். அதே கல்வியைக் கொண்டு, வகுப்புகளைச் சேர்க்காமலிருக்க எவ்வளவு பணம் வேண்டும், அதை யாரிடம் கேட்பது என்றும் கணக்கிட முடியும். இவற்றுள் எந்தக் கணக்கை முதலில் போடுவது என்பதைக் கல்வியியலின் பக்கத்திலிருந்து கற்பிக்கும் பாடமே கூட்டுப்பட்டத்தின் முதற்பருவத்தில் இடம்பெற வேண்டும்.