பிள்ளைகளின் படிப்புச் செலவும் பெற்றோரின் நீதியும்

 



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாட்களில் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தால், மஸ்அலா கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். பிள்ளையைக் காலேஜில் சேர்க்க வேண்டும், பணம் இல்லை, என்ன செய்வது?

சென்ற ஆண்டு ஒருவர் வந்தார். வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மூன்று பிள்ளைகள். எல்லோரும் எழுந்து போகும் வரை காத்திருந்து, அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: "ஹஜ்ரத், எங்க அத்தா என்னை எட்டாவதோட நிறுத்திட்டாங்க. அவங்க மேல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா நான் என் பிள்ளைங்களைக் காலேஜ் படிக்க வைக்காம விட்டுட்டா, நாளை மறுமையில அல்லாஹ் என்னைக் கேட்பானா?"

கண்ணில் நீரோடு கேட்ட அந்தக் கேள்விக்கு அன்று நான் சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். விரிவான பதிலை எல்லாப் பெற்றோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கடமை எதுவரை?

பிள்ளைக்கு உணவு, உடை, தங்க இடம் கொடுப்பது தகப்பன் மீது கடமை. இதற்கு நஃபகா என்று பெயர். இத்துடன் தொழுகை, நோன்பு, ஹலால், ஹராம் ஆகியவற்றைக் கற்றுக்கொடுப்பதும் கடமை. அந்தக் கல்விக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தால், பிள்ளைக்கென்று சொத்து இருக்குமானால் அதிலிருந்தும், இல்லாவிட்டால் நஃபகா யார் மீது கடமையோ அவருடைய பொருளிலிருந்தும் கொடுக்க வேண்டும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது 'அல்மஜ்மூஉ' நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார்கள்.

மகன் பருவமடைந்து, உழைத்துச் சம்பாதிக்கும் சக்தியும் பெற்றுவிட்டால் அவனுடைய செலவு தகப்பன் மீது கட்டாயம் என்ற நிலை நீங்கிவிடுகிறது. மகளின் செலவு அவளுக்குத் திருமணமாகும் வரை தகப்பன் மீதே இருக்கிறது என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். கல்வி தேடுவதில் ஈடுபட்டு அதனால் சம்பாதிக்க முடியாதிருக்கும் வாலிப மகனுக்கும் தகப்பன் செலவு கொடுக்க வேண்டும் என்று அதே ஹனஃபி நூல்களில் காணப்படுகிறது. ஆனால் அங்கே பேசப்படுவது மார்க்கக் கல்வி தேடுகிறவனின் சோற்றையும் துணியையும் பற்றித்தானே தவிர, இலட்சக்கணக்கில் கட்டும் நன்கொடையைப் பற்றி அல்ல!

எனவே அந்த மண்டிக் கணக்கரைப் போன்ற சகோதரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: காலேஜ் கட்டணம் கட்ட வசதியில்லாத தகப்பன் அல்லாஹ்விடத்தில் குற்றவாளி அல்லர். சக்திக்கு மேற்பட்ட சுமையை அல்லாஹ் எந்த ஆத்மாவின் மீதும் சுமத்துவதில்லை என்பது திருமறை நமக்குத் தரும் ஆறுதல்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, "கடமை இல்லையாம்" என்று வசதியுள்ளவர் காலை நீட்டிப் படுத்துவிடக் கூடாது. பிள்ளை பிறரிடம் கையேந்தாமல் பிழைக்க வழி செய்து விடுவது தகப்பனின் பொறுப்பு. நம் பாட்டன்மார் மகனைத் தறியில் உட்கார வைத்தார்கள். தோல் ஷாப்புக்கு அனுப்பினார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேற்றினார்கள். அன்று அது தொழில் கற்றுக்கொடுத்தல். இன்று பல பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் பட்டப்படிப்பு வந்து நிற்கிறது, சிலருக்கு ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் போதும். பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பார்த்து, இயன்றதைச் செய்வது தகப்பனுக்கு நன்மையான காரியம். நிய்யத் சரியாக இருந்தால், குடும்பத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு காசும் ஸதகா!

சேமிப்பது தவக்குலுக்கு மாற்றமா?

"நாளைக்கு அல்லாஹ் கொடுப்பான்; இன்றைக்கே ஏன் சேர்த்து வைக்க வேண்டும்?" என்று கேட்கிற நல்லவர்களும் இருக்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்களைவிடத் தவக்குலில் உயர்ந்தவர் யார்? அவர்களே பனூ நளீர் நிலங்களின் வருமானத்திலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது.

ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கடுமையாக நோயுற்றபோது, தம் சொத்தின் பெரும்பகுதியைத் தர்மம் செய்துவிட விரும்பினார்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாரிசுகளை மக்களிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே சிறந்தது என்றும் உபதேசித்தார்கள். இதில் நாம் கவனிக்காமல் கடந்து போகும் ஒன்று உண்டு. தமக்கு வாரிசாக ஒரு மகள்தான் இருக்கிறாள் என்று ஸஅது (ரலி) அவர்கள் சொன்ன வேளையில்தான் இந்த உபதேசம் வந்தது. ஒரு பெண்பிள்ளையின் எதிர்காலத்திற்காகப் பொருளை வைத்துச் செல் என்பதுதானே அதன் கருத்து!

ஆகவே சேமியுங்கள், ஹலாலான வழியில் சேமியுங்கள். தள்ளிக் கூறும் ஏலச்சீட்டு வேண்டாம்; போட்ட பணத்தைப் போட்டபடியே முறை வைத்து எடுக்கும் குலுக்குச் சீட்டில் தவறில்லை. மாதம் சிறு தொகையைத் தங்கமாக வாங்கி வைக்கலாம். நம்பிக்கையானவரின் வியாபாரத்தில் பங்கு சேரலாம். சேமிப்பு நிஸாபை, அதாவது தங்கத்தில் ஏறத்தாழ 11 சவரனை எட்டி ஓராண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கொடுங்கள். "பிள்ளை படிப்புக்காக வைத்தது" என்பதனால் ஜகாத் நீங்கிவிடாது. அந்தப் பொருளைப் பிள்ளைக்கே சொந்தமாக ஆக்கிவிட்டால், ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளையின் பொருளிலிருந்து பொறுப்பாளர் ஜகாத் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் சிறு பிள்ளையின் பொருளுக்கு ஜகாத் இல்லை.

முப்பதாயிரம் தீனார்

மதீனாவின் பேரறிஞர், இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ஆசிரியர் ரபீஆ (ரஹ்) அவர்களைப் பற்றி 'தாரீகு பக்தாத்' நூலில் ஒரு சம்பவம் வருகிறது. அவர்கள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தந்தை ஃபர்ரூக் போருக்குச் சென்றார். மனைவியிடம் முப்பதாயிரம் தீனார்களை ஒப்படைத்துச் சென்றவர் இருபத்தேழு ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். "பணம் எங்கே?" என்று கேட்டார். பள்ளிவாசலுக்குத் தொழப் போய்வரச் சொன்னார் மனைவி. அங்கே பெரியோர்கள் சூழ அமர்ந்து ஒருவர் பாடம் நடத்துவதைக் கண்டு, அவர் யார் என்று விசாரித்தார். அவருடைய மகன்தான்! முழுப் பணத்தையும் அந்தத் தாய் மகனின் கல்விக்கே செலவழித்திருந்தார்.

இமாம் தஹபீ (ரஹ்) அவர்கள் இந்தச் செய்தியை ஆதாரமற்றது என்று மறுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் நம் முன்னோர் இதை மீண்டும் மீண்டும் எழுதி வைத்ததிலிருந்து ஒன்று விளங்குகிறது. பிள்ளையின் கல்விக்குப் போன பணத்தை அவர்கள் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை.

பிள்ளைகளுக்கிடையே நீதி

சகோதரர்களே! நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, அவர்களின் தந்தை அவர்களுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, அதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். "உம் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுபோல் கொடுத்தீரா?" என்ற கருத்தில் நாயகம் கேட்டார்கள். இல்லை என்றார். அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடக்கும்படி அறிவுறுத்திச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். தந்தை வீட்டுக்குச் சென்று கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இந்தச் சமத்துவம் வாஜிப் என்பது ஹன்பலி மத்ஹப். மற்ற இமாம்கள் ஸுன்னத் என்றார்கள். பாகுபாடு நல்லது என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடமைக்கு மேற்பட்டுக் கட்டும் காலேஜ் கட்டணம் ஓர் அன்பளிப்புத்தானே? அப்படியானால் அதில் இந்த நீதி வேண்டாமா? தேவைக்கேற்பச் செலவு கூடவும் குறையவும் செய்யலாம். மருத்துவம் படிக்கிறவனுக்கும் பி.ஏ. படிக்கிறவளுக்கும் ஒரே தொகை ஆகாது. ஆனால் ஒருவருக்குக் கதவைத் திறந்து, இன்னொருவருக்கு அடைப்பது நீதியாகுமா?

இதை எழுதும் எனக்கும் இந்தக் குற்றத்தில் பங்குண்டு. மறைத்துவிட்டு உபதேசம் செய்ய மனம் வரவில்லை.

நான் ஆலிம் பட்டம் பெற்று வந்த ஆண்டு, என் தம்பிக்கு என்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் அத்தா தையல் மிஷின் மிதித்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்கள். என் படிப்புக்குச் செலவில்லை. மதரஸாவே சோறு போட்டுக் கிதாபும் தந்தது. தம்பிக்குக் கட்டப் பணமில்லை. பெட்டியில் தங்கச்சியின் நான்கு பவுன் நகை இருந்தது. அது எங்கள் நன்னிமா மவுத்தாவதற்கு முன்பு பேத்தியின் கையில் கொடுத்தது. அத்தா என்னை அழைத்து, "நீ ஆலிமாச்சே, சொல்லுப்பா. இதை விற்கலாமா?" என்று கேட்டார்கள்.

கிதாபில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நன்னிமா கொடுத்த ஹிபா அது, தங்கச்சியின் சொத்து. அதைப் பாதுகாக்கும் பொறுப்புத்தான் தகப்பனுக்கு உண்டே தவிர, எடுத்து அவள் அண்ணனின் படிப்புக்குக் கட்டும் உரிமை இல்லை. தெரிந்திருந்தும், "வீட்டுக்கு நல்லதுதானே அத்தா, பிறகு செஞ்சு போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். தங்கச்சியிடம் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவள் பன்னிரண்டாம் வகுப்பில் தம்பியைவிட அதிக மார்க் வாங்கினாள். அப்போது வீட்டில் பணமும் இல்லை, நகையும் இல்லை. ஒருநாள் என்னிடம் வந்து, "படிப்பு இல்லாட்டியும் நகையாவது இருக்குன்னு நெனச்சேன். ரெண்டும் இல்லையா அண்ணே?" என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

பின்னர் தம்பி வெளிநாட்டில் சம்பாதித்து வந்து, அன்று விற்ற காசின் கணக்கில் அல்லாமல், அதே நான்கு பவுனை எடைக்கு எடை அவள் கையில் கொடுத்தான். அத்தாவும் நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். மன்னித்துவிட்டாள். நகையை அவள் அணிவதில்லை. "எம் மகள் காலேஜுக்கு வெச்சிருக்கேன்" என்கிறாள். இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கென்று யாராவது ஒரு மோதிரம் கொடுத்தாலும் அன்றே நோட்டில் எழுதி வைக்கிறேன்.

வட்டியில் விழ வேண்டாம்

"பேங்கில் கல்விக்கடன் வாங்கலாமா?" என்ற கேள்விக்கு வருவோம். வட்டி ஹராம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. கடமையில்லாத ஒன்றைச் செய்வதற்காக ஹராமான ஒன்றில் இறங்குவது எந்தக் கணக்கில் சேரும்? அண்டை வீட்டான் மகன் படிக்கும் பெயர்பெற்ற கல்லூரியிலேயே நம் மகனும் படிக்க வேண்டும் என்ற வீம்புதான் பலரை அங்கே கொண்டுபோய்த் தள்ளுகிறது.

வேறு வழிகளைத் தேடினீர்களா? அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் குறைவு. தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு 2007இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. இவற்றுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு படித்த வாலிபர்கள் திண்ணையில் உட்காரக் கூடாதா?

ஜமாஅத்தார்களுக்கும் ஒரு வார்த்தை. பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள், பிணைத்தொகைக்குப் பதிலாக மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. வர வேண்டிய பணத்தை விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளின் கல்வியை வாங்கியது அந்த முதல் ஜமாஅத். நம் நாட்டிலும் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் எழுந்தது. சென்னை நியூ காலேஜும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951இல் தோன்றின. இவை நம் முன்னோர் கைப்பொருள் கொடுத்து எழுப்பியவை. நாமோ ஒரு நாள் வலீமாவுக்குச் செலவிடுவதில் எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை! ஏழை மாணவனுக்கு ஜகாத் கொடுக்கலாம். வட்டியில்லாக் கடனும் கொடுக்கலாம். பைத்துல் மால் என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது.

அந்த மண்டிக் கணக்கருக்கு நான் சொன்ன சுருக்கமான பதில் இதுதான்: "பாய், காலேஜுக்கு ஏன் அனுப்பவில்லை என்று அல்லாஹ் கேட்பான் என்று பயப்படாதீர்கள். இருந்ததை எந்த வழியில் சம்பாதித்தாய், பிள்ளைகளுக்குள் எப்படிப் பங்கிட்டாய் என்பதற்குப் பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள். மூத்தது யார்?" என்று கேட்டேன். "மகள்தான் ஹஜ்ரத். நல்லாப் படிக்கும்" என்றார். "அப்படியானால் அவளிடமிருந்தே தொடங்குங்கள்" என்றேன். அரசுக் கல்லூரியில் விண்ணப்பம் போட்டு, இன்று அந்தப் பெண் பி.காம். படிக்கிறாள், அல்ஹம்து லில்லாஹ்!

நம் பிள்ளைகளுக்கு இரு உலகிலும் பயன்தரும் கல்வியையும், நமக்கு ஹலாலான ரிஸ்கையும், அவர்களுக்கிடையே நீதமாக நடக்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! யாருடைய உரிமையை நாம் எடுத்துக்கொண்டோமோ, அவர் உயிரோடிருக்கும்போதே அதைத் திருப்பிக் கொடுத்துவிட நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக!

ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.