ஒற்றை நட்சத்திரம்

போர்ட் கிள்ளானில் கைப்பேசியிற் தமிழெழுதும் இளைஞர் பலர் அறிவர், 2005-இல் வெளிவந்த செல்லினத்தை ஆக்கிய முத்து நெடுமாறன் மலேசியத் தமிழரென்று. இத்தகைய செயலிகளைச் செய்வோர், பயன்படுத்துவோர் எழுதும் குறைகளை எங்ஙனம் கொள்ளுதல் தகும்?

ஐந்துக்கு ஒரு நட்சத்திரமிட்டு, “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதிப் போவோர் உளர். எந்தக் கைப்பேசி, என்ன பழுது என்ற விவரமே இராது. காசு கொடாதவனுக்கு ஏசும் உரிமை ஏதென்று செய்தவர் சினக்கிறார். ஆப்பிள் கடையிலோ 2017 வரை மறுமொழி எழுதவும் அவருக்கு வழியில்லை. சினம் இயல்பே, வாதம் எனக்கு ஒப்பவில்லை.

கிராணியாகிய என்னிடம், வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்று முறையிடும் தோட்டத் தொழிலாளி, பழுது எவ்விடத்தென்று சொல்வாரல்லர், சொல்லக் கடமைப்பட்டவருமல்லர். அதைத் தேடுதல் குழாய் போட்டவர் வேலை. இலவசமாயினும், தம்மை நம்பும்படி செய்துவிட்டவருக்கு அக்கடன் உண்டு. (வசைமொழியை நான் ஆதரிக்கவில்லை.)

வசையினும் கேடானது ஒன்றுண்டு. “செயலி பிடித்திருக்கிறதா?” என முன்னரே வினவி, ஆமென்றவரை மட்டும் நட்சத்திரமிட அனுப்புவோர் சிலர். இல்லையென்றவர் சொல் கடைவாயிலை எட்டுவதேயில்லை. அடுத்து வருபவன் அந்த நட்சத்திரங்களை எண்ணித்தான் செயலியை எடுத்துக்கொள்கிறான்.